டைனோசருக்காக நான் போட்ட சட்டம்

போன மே மாதம் அரவேணுவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அக்காவின் மகள் ஒரு பச்சை பிளாஸ்டிக் டைனோசரைக் கொண்டுவந்து என் மடியில் நிறுத்தினாள். ஊட்டி மலர்க்கண்காட்சியில் அடம்பிடித்து வாங்கியதாம். ஒன்பது வயது அவளுக்கு.

"சித்தி, இது நெசமாவே அரவேணுக்கு வந்துச்சுன்னா நாம எப்படித் தப்பிக்கறது?"

கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அதையெல்லாம் உன்ற சித்தியத்தான் கேக்கோணும் கண்ணு. அதுக்குன்னு சட்டமே எழுதி வெச்சவ அவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தாள். முப்பது வருடமாக அவள் அதைச் சொல்லிச் சிரிப்பதும், நான் கூடச் சேர்ந்து சிரிப்பது மாதிரி பல்லைக் காட்டுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் ஒரு முறையாவது என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்தச் சட்டத்தை எழுதியபோது எனக்கும் ஒன்பது வயதுதான். அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் அவிநாசிப் பக்கமிருந்து மலையேறியவர்கள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். மூன்று வயதில் காய்ச்சல் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப் போய்விட்டது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையால் முட்டியை அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். ஆனால் குரல் இருக்கிறதே, அப்படி ஒரு குரல். வாசலில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் மேல் காட்டில் கொழுந்து பறிக்கிற அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடம் மேலே அரவேணுவில். தேயிலைக்கு நடுவே ஏறுகிற ஒற்றையடிப் பாதை. நான் மட்டும் ஓடினால் இருபது நிமிடம். அக்காவோடு போனால் ஒரு மணி நேரம். பாதி வழியில் சோலைக்காடு பாதையை ஒட்டி வரும். அங்கே ஒரு ஓடை. ஓடையைத் தாண்டி முப்பது எட்டு எடுத்து வைத்து ஏறினால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. கல் சுவர், தகரக் கதவு. காலையில் அது காலியாகத்தான் கிடக்கும்.

அந்தப் பாதையில் நடப்பதற்கு எஸ்டேட்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மெதுவாக நடக்கிறவர்கள் முன்னால் போக வேண்டும். மாசமாக இருக்கிறவள், காலில் புண் வந்தவர், வயதானவர், எல்லோரும் முன்னால். தெம்புள்ளவர் கடைசியில். அவர் கையில் ஒரு தகரமும் குச்சியும் இருக்கும், தட்டிக்கொண்டே வர வேண்டும். சத்தம் கேட்டால் காட்டெருமை தானாக ஒதுங்கிவிடும். பனிமூட்டத்தில் அதற்கும் நம்மைத் தெரியாது, நமக்கும் அதைத் தெரியாது. திடீரென்று மூக்குக்கு மூக்கு முட்டினால்தான் ஆபத்து. யாரும் எழுதி வைத்த முறை இல்லை இது. ஆனால் பெரிய மேஸ்திரியே ஆனாலும் கால் சுளுக்கிக்கொண்டால் முன்னால்தான் நடப்பார்.

அம்மா தினமும் சொல்லி அனுப்புவாள். "அக்காள முன்னால உட்டுட்டு நீ தகரத்தோட பொறகால போகோணும். கேட்டுச்சா அம்மிணி?"

கேட்டது. கேட்காமல் என்ன. அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு, டங்கு டங்கென்று பழைய டால்டா டின்னைத் தட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தது என்ன இருந்தது, பற்றிக்கொண்டு வந்தது. தினமும் பிரேயர் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். லேட்டாக வந்தவர்கள் மைதானத்தில் தனியாக நிற்க வேண்டும். அக்காவை டீச்சர்கள் உட்காரச் சொல்லிவிடுவார்கள். நான் மட்டும் நிற்பேன். அதற்கும் மேலே கணக்கு. நான் கணக்கில் மக்கு. ஒப்பிக்கும்போது எழுபத்தொன்பதுக்கு அடுத்து வாயில் தொண்ணூறுதான் வரும். டீச்சர் ஸ்கேலால் விரல் மூட்டில் தட்டுவார். இந்த அவமானத்தை மட்டும் நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. அக்காவுக்கு முன்னால் நான் பெரிய கெட்டிக்காரி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஸ்டேட் கிளப்பில் டெக் போட்டு டைனோசர் படம் காட்டினார்கள். தமிழில் பேசுகிற படம். லைன் பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். எனக்குப் பயம்தான். ஆனாலும் கண்ணை மூடவில்லை. வெளியே வந்தபோது கிளப்புக்கு முன்னால் ஒரே பனி. அதற்குள்ளிருந்து என்ன வேண்டுமானாலும் வரலாம் என்று தோன்றியது.

அன்றைக்கே நானும் அக்காவும் திட்டம் போட ஆரம்பித்தோம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அவள் எனக்காகத்தான் விளையாடினாள் என்று இப்போது தெரிகிறது. டைனோசர் எந்த வழியாக வரும்? மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில்தான் ஏறி வர வேண்டும் என்றேன் நான். "அத்தன வளைவுல பஸ்ஸே மூச்சு வாங்குது. அது எப்படிடி ஏறும்?" என்றாள் அக்கா. குறுக்கே ஏறும் என்றேன். பெரியது ஃபேக்டரிக் கூரையைப் பிய்க்கும், அதைவிட ஆபத்து கூட்டமாக வேட்டையாடுகிற சின்னதுகள்தான். தேயிலைச் செடிகளுக்கு அடியில் நாம் ஊர்ந்து போகலாம், அதுகளால் முடியாது. தேயிலை வறுக்கிற வாசத்தில் மனுஷ வாசம் அதுகளுக்குத் தெரியாது. அக்கா இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, "அட, ஆமா!" என்பாள். கோடு போடாத ஒரு நோட்டில் நான் படம் வரைந்தேன். ஓடை, சோலை, கொட்டகை, எல்லாம் அதில் இருந்தது.

பிறகு சட்டம் எழுதினேன். வேகமாக ஓடுகிறவர் முன்னால் போக வேண்டும், வேவு பார்ப்பதற்கு. தகரம் கூடவே கூடாது, சத்தம் கேட்டால் டைனோசர் வந்துவிடும். அது வந்துவிட்டால் பின்னால் வருகிறவர் நின்று கத்தி அதைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமல் ஓடிக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, சத்தமாக ஐந்நூறு வரை எண்ணிய பிறகுதான் வெளியே வர வேண்டும். ஏன் ஐந்நூறு? பெரிய எண்ணாக இருந்தது, அவ்வளவுதான். விளையாட்டில் ஐம்பதுக்கு மேல் நாங்கள் எண்ணியதே இல்லை.

"சத்தமா எண்ணுனா அதுக்குக் கேக்காதா?" என்றாள் அக்கா.

"கல்லுச் செவுரு. வெளிய கேக்காது."

"சரி, அப்ப என்னைய அது தின்னுபோடுமா?"

"நீ கத்திட்டு செடிக்கு அடியில பூந்துக்கோ."

"என்ற காலோட எங்கடி பூர்றது?"

"அது உன்ற சாமர்த்தியம்" என்றேன்.

இந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். இதே வாயால்தான் சொன்னேன். அக்கா சிரித்து, என் தலையில் ஒரு குட்டு வைத்து, "போடி எமகாதகி. சரி, நான் கத்தறேன், நீ ஓடு" என்றாள்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் டைனோசருக்காக எழுதியது இல்லை. டைனோசர் வராது என்று ஒன்பது வயதிலும் எனக்குத் தெரியும். முன்னால் ஓட வேண்டும், மைதானத்தில் நிற்கக் கூடாது, அந்த டின்னைத் தூக்கக் கூடாது. அதற்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. மறுநாள் முதல், லைன் கண்ணுக்கு மறைந்ததும் டின்னை ஒரு செடிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு நான் முன்னால் நடந்தேன். அக்கா எவ்வளவு பின்தங்கினாலும் கொட்டகை தாண்டும் வரை ஒரு சத்தம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்வேன். தாண்டியதும் ஒரே ஓட்டம். நான் பிரேயருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். அக்கா தனியாக வந்தாள். அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஆனி மாதத்துச் சாரல், எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. நான் ஓடையைத் தாண்டி நாலு எட்டு ஏறியிருந்தேன். அக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். சோலைக்குள் சுள்ளி முறிந்தது. பாதைக்குப் பக்கத்தில் கரும்பாறை மாதிரி ஒன்று நின்றது. அப்புறம் அது தலையைத் தூக்கியது. தனிக் காட்டெருமை. முழங்கால் வரை வெள்ளை, மூக்கிலிருந்து ஆவி. அது என்னைத்தான் பார்த்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"ஏய்! இங்க! இங்க பாரு!"

அக்காவின் குரல். அந்தக் குரலுக்கு மலையே திரும்பும். எருமையும் திரும்பியது.

நான் ஓடினேன்.

சட்டத்தில் எழுதியபடியே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தடதடவென்று ஒரு சத்தம், அக்காவிடமிருந்து பாதியில் நின்ற ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, மூலையில் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமாக. கண்ணை இறுக மூடிக்கொண்டு. நின்றால் ஏதோ ஆகிவிடும் என்பது போல எண்ணினேன். நூறு வந்தது. இருநூறு வந்தது. இது விளையாட்டு இல்லை, அங்கே கிடப்பது அக்கா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எண்ணினேன். ஐந்நூறு ஆகவில்லையே, வெளியே போகக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சட்டம் கையில் இருந்தது. அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஐந்நூறு முடிந்து வெளியே வந்தபோது எருமை இல்லை. பாதை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் அக்கா மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலது தொடை இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. வலது தொடை. நல்ல கால். அவளுக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

"அழுவாதடி. மேஸ்திரியக் கூட்டியா, போ" என்றாள்.

மேல் காட்டுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தேன். கொழுந்து மூட்டை கட்டுகிற படுதாவில் அவளைத் தூக்கி, எஸ்டேட் லாரியில் கொண்டுபோனார்கள். நடுவில் போன அந்த நேரத்தை யாரும் கேட்கவில்லை. பொடிசு, எருமைக்குத் தப்பி அவ்வளவு மேடு ஓடி ஆள் கூட்டிவந்ததே என்றார்கள். மேஸ்திரி தன் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். நான் அதைத் தின்றேன். அடுத்த வாரம் பிரேயரில் ஹெட்மாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்டச் சொன்னார். லேட்டாக வந்து நான் தனியாக நின்ற அதே மைதானம். எல்லோரும் தட்டினார்கள்.

அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டாள். "தகரம் எங்கடி? தட்டிட்டுத்தான வந்தீங்க? சத்தம் கேட்டா ஒதுங்கியிருக்குமே."

"கானுல உழுந்துருச்சும்மா" என்றேன். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "அவ தட்டிட்டுத்தானுங்கம்மா வந்தா. நாந்தான் ஓடுன்னு சொன்னேன்" என்றாள். வலியில் உதடு வெளுத்துக் கிடந்தவள் எனக்காகப் பொய் சொன்னாள். அன்று சாயந்தரமே செடிக்கு அடியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டுபோய் ஓடையில் வீசினேன். நோட்டை அடுப்பில் போட்டேன்.

கோயமுத்தூரில் நான்கு மாதம் கட்டுப் போட்டுப் படுத்துக் கிடந்தாள் அக்கா. எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது. அதற்கு மேல் அந்தப் பாதையில் அவளால் ஏற முடியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வகுப்பில் முதல் மூன்று பேரில் வருகிறவள். டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கடைசியில் டீச்சரானது கணக்கில் மக்கான நான். அவள் தையல் கற்றுக்கொண்டு, கல்யாணம் ஆகி, வெகு காலம் கழித்து ஒரு பெண்ணைப் பெற்று, அரவேணுவில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு முறை வரும்போதும் பட்டுப்புடவை, மிக்ஸி, போன் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவேன். "ஏண்டி, நான் என்ன கடையா வெக்கப் போறேன்? சும்மா கைய வீசிட்டு வர மாட்டியா?" என்பாள். சும்மா வர என்னால் முடியவில்லை.

"சொல்லுங்க சித்தி" என்று அக்காவின் மகள் என் மடியில் கிடந்த டைனோசரை ஆட்டினாள். "யாரு முன்னாடி போறது?"

"உங்கம்மா" என்றேன். "உங்கம்மா முன்னாடி போவா. நடுவுல நீ. நான் கடைசில தகரம் தட்டிட்டு வருவேன்."

"தகரம் எதுக்கு?"

"சத்தம் கேட்டா அது ஒதுங்கிப் போயிரும்."

அவளுக்கு அது போதவில்லை. டைனோசர் எதுக்கு ஒதுங்கணும் என்று முனகிக்கொண்டே வெளியே விளையாடப் போய்விட்டாள். அக்கா கையில் டீயோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தகரம் என்ற சொல்லை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொன்னது அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இப்போது விட்டால் சாகிற வரை விட்டுவிடுவேன் என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு நான் நேரா ஆளுங்களக் கூப்பிடப் போகல. கொட்டகைல ஒளிஞ்சுக்கிட்டேன். நீ அங்க கெடக்கறப்ப உள்ள உக்காந்து ஐந்நூறு எண்ணுனேன்" என்றேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

அக்கா டீயை மேஜைமேல் வைத்தாள். கட்டிலைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ எண்ணுனது கேட்டுச்சே. கல்லுச் செவுராம் கல்லுச் செவுரு. அந்தப் பனியில ஒவ்வொண்ணும் காதுல உழுந்துச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கூப்பிட்டிருக்கலாமில்ல? உன்ற குரலுக்கு ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

"கூப்பிட்டா நீ வந்திருப்பே. அது ரொம்ப நேரம் அங்கியேதாண்டி நின்னுச்சு. என்ற தலமாட்டுல மூச்சு உட்டுட்டு நின்னுச்சு. அதான் வாயத் தொறக்கல." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்காத. நீ ஐந்நூறு எண்ணலங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு நூத்துலயும் பத்துப் பத்தா முழுங்கிட்டு வந்தே. எழுவத்தொம்போது, தொண்ணூறு. மறுக்கா எழுவத்தொம்போது, தொண்ணூறு. அடி கழுத, சீக்கிரம் எங்கிட்ட வரோணும்னு அம்பத முழுங்கறா பாருன்னு நெனச்சேன். அத நெனச்சுட்டேதான் வலியத் தாங்குனேன். இத்தன வருஷமும் அதத்தான் நெனச்சுக்கறேன்."

அவள் முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது. என் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஸ்கேலால் அடி வாங்கிய அதே மூட்டுகள். நாலாம் வகுப்பு முழுக்க எனக்கு எழுபத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறுதான் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.